பாராட்ட ஓடி வந்த பத்துப் பேர்

ஞாயிற்றுக்கிழமை தண்டலத்தில் எங்கள் ஃபேக்டரி அசெம்பிளி லைன் ஆட்களுக்குக் கிரிக்கெட் போட்டி. முந்தின நாள் வேலையில் டிராலியில் நசுங்கிய வலது கை விரலைப் பாக்கெட்டுக்குள் ஒளித்து ஃபீல்டிங்கில் நின்றேன். தெரிந்தால் கான்ட்ராக்டை நீட்டிக்க மாட்டார்களே என்று பயம்.

வந்த பந்து என் தொந்திக்கும் இடது கைக்கும் நடுவே தானாகச் சிக்கிக்கொண்டது. கேட்ச்! பத்துப் பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாயால் சொன்னால் போதாதா? மெஷின் சத்தத்திலேயே வாழ்கிறவர்களுக்குக் கையில் அறைந்தால்தான் பாராட்டு. நான் எதிர்ப்பக்கம் ஓட்டம் பிடித்தேன்.

"கேட்ச் புடிச்சிட்டு இன்னாத்துக்குடா ஓடுற?" கேப்டனான சூப்பர்வைசர் என் வலது கையை இழுத்து ஓங்கி அறைந்தார். அலறினேன். வீங்கிய விரலைப் பார்த்துவிட்டார்.

"ஏன்டா மறைச்சிக்கினு கீற? வா, ஆஸ்பத்திரிக்கு. லைன்ல அடிபட்டதுன்னு நானே எழுதித் தர்றேன்."

அப்போதும் நான் இரண்டடி பின்வாங்கினேன். தைரியம் சொல்ல, முதுகில் தட்டுவதற்காகக் கையை ஓங்கியிருந்தார்.