சிலந்தி நெபுலாவைச் சொல்பவள்

என் நாத்தனாரோடு எனக்கு ஒத்துப்போனதே கிடையாது. அவள் வாய் அப்படி. கோளரங்கத்தில் படக்காட்சிக்கு விளக்கம் சொல்வது அவள் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். குழம்பில் உப்பு கூடினால், அரங்கம் நிறைய ஆள் உட்கார்ந்திருப்பதுபோல உரக்க அறிவிப்பாள்.

கழுத்தில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. மிஞ்சியது காற்றும் கரகரப்பும். இனி வீடு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள்கூட அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

கோளரங்க மேலாளர் அதற்குள் வேறொருவரின் தேனொழுகும் குரலைப் பதிவு செய்து வைத்துவிட்டார். அவளை டிக்கெட் கிழிக்க வாசலுக்கு மாற்றினார். அங்கே வாயே திறக்க வேண்டாமாம். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது, அவளுக்குக் கேட்க வேண்டுமா?

"என் இடத்துல நான்தான் பேசுவேன் அண்ணி. பாத்துடலாம்," என்றாள்.

மறுநாள் மதியக் காட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். விளக்கு அணைந்தது. தேன் குரல் தொடங்கி, பாதி வாக்கியத்தில் நின்றது. மைக் அவள் கையில் இருந்தது.

"குரல் இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் காதைக் குடுங்க."

யாரோ சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. நிலா, சனி என்று போகப் போகக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. சிலந்தி நெபுலா என்ற வாயு மேகம் வரும்போது அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் அணைத்துவிட்டு, இருமல் செருமல் அடங்கும்வரை பேசமாட்டாள். கண் இருட்டுக்குப் பழகினால்தான் அந்த மங்கல் சிவப்பு தெரியும். பதிவுக் குரல் அதற்கெல்லாம் காத்திருக்காது. அவள் காத்திருந்தாள். மேலே சிவப்புப் புகை மெல்லப் படர்ந்தது. மைக்கை உதட்டில் ஒட்டிவைத்து ரகசியமாகப் பேசினாள்.

"இது நம்ம விண்மீன் மண்டலமே இல்ல, பக்கத்து மண்டலம். அங்க இன்னமும் நட்சத்திரம் பொறந்துக்கிட்டே இருக்கு. அந்த வெளிச்சம் லட்சம் வருஷத்துக்கும் மேல ஓடி வந்திருக்கு. வர்ற வழியில யார்கிட்டயும் அனுமதி கேக்கல."

என் காதுக்குள்ளேயே சொன்னது போலிருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

படாரென்று கதவு திறந்தது. மேலாளர் நின்றார். வெளி வெளிச்சம் பாய்ந்து, நெபுலா இருந்த இடம் தெரியாமல் போனது.

"போதும், நிறுத்தும்மா," என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அத்தனை கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

"யோவ், கதவைச் சாத்துய்யா."

பின்வரிசையிலிருந்தும் அதே கூப்பாடு கிளம்பியது. மேலாளர் கதவைச் சாத்தினார்.

கண் மறுபடி பழக வேண்டும். அவள் பேசவில்லை. ஒருவரும் இருமவில்லை. இருட்டில் அரங்கம் முழுக்க அவள் குரலுக்காகக் காத்திருந்தோம்.