பஜ்ஜி எண்ணெயும் பூ வைத்த நாளும்

எனக்குப் பூ வைக்க வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் எங்கள் வாசலில் நிற்காமல் போய்விட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மத்தூரில் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "வேன் நிக்காமப் போச்சே, அந்த வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

நான் ஓசூரில் ஒரு இன்ஜின் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். டீசலில் பயோடீசலை எவ்வளவு கலந்தால் புகை என்ன ஆகிறது, சைலன்சர் குழாயில் இருக்கும் ஃபில்டர் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. நான் எடுத்துக் கொடுக்கும் ரீடிங்கை என் மேலதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து மேஜை ஆளிடம், "நீ ஒரு தடவ செக் பண்ணிடுப்பா" என்பார். அந்த மகராசன் என் தாளைப் பார்த்து என் எண்ணையே வாசிப்பான். "கரெக்ட்!" என்பார் மேலதிகாரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மிக்சி நின்றுபோனால் நான் பக்கத்திலேயே நிற்பேன், அப்பா எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவார்.

வந்த வரன்களும் அதே ரகம். ஒருவர், "பொண்ணுக்கு எதுக்குங்க இன்ஜின் வேல?" என்றார். இன்னொருவர் என் வேலை என்னவென்று எனக்கே முக்கால் மணி நேரம் விளக்கினார். இரண்டு பேரையும் நான் பேசிய பேச்சில், அப்பா வெறுத்துப்போய், "இன்னும் ஒண்ணுதான் பாப்பேன். அதுவும் தட்டிப்போச்சுன்னா என்ன விட்டுடு" என்றுவிட்டார்.

அந்த இன்னும் ஒன்று குருபரப்பள்ளிக்காரர். எங்கள் பங்குச் சாமியார் சொன்ன இடம். ஓசூர் ஃபாக்டரிகளுக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவர், சொந்த வண்டி. பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் போன் செய்தார். "சாப்ட்டீங்களா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். பிறகு, "ஒண்ணு கேக்கட்டுங்களா? வண்டில மஞ்சளா ஒரு லைட்டு எரியுதுங்க. ஃபில்டர்னு காட்டுது" என்றார். என் மனசு அங்கேயே கவிழ்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவருடைய அண்ணனுக்கு ஹைவேயில் பஜ்ஜிக் கடை. சட்டியில் மிஞ்சும் எண்ணெயை, எதையோ வீடியோவில் பார்த்து பயோடீசலாகக் காய்ச்சி, தம்பியின் வண்டியில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்துவிட்டேன். "நல்ல பயோடீசல அளவாக் கலந்தா புகைக்கரி குறையும். ஃபில்டர்ல சேர்ற கரியும் சுலபமா எரியும். உங்க அண்ணன் காய்ச்சறதுல சோப்பு மிச்சம் இருக்கும். அதச் சரியா எடுக்கலன்னா சாம்பலாப் போய் ஃபில்டர்ல ஒக்காந்துக்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. அப்புறம் கரிக்கு எடம் ஏது?"

"ஆனா ஒரு நல்லதும் நடக்குதுங்க," என்றார். "இன்ஜின் ஆயில் கொறையவே மாட்டேங்குது. ஏறுது!"

அவருடைய அம்மா அதை மாதா செய்த புதுமை என்று நம்பி, கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். ஃபில்டரை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கும், அதில் இருக்கும் பயோடீசல் லேசில் ஆவியாகாமல் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும், அப்படியே விட்டால் இன்ஜினே போய்விடும் என்று சொன்னேன். "அப்ப மெழுகுவத்தி வேஸ்டுங்களா?" என்றார். மறுநாளே ஆயிலை மாற்றி, போட்டோ அனுப்பினார். பஜ்ஜி எண்ணெயையும் நிறுத்திவிட்டார். அண்ணன் பேசுவதில்லையாம்.

ஃபில்டரைக் கழற்றிக் கழுவப் பூ வைத்த பிறகுதான் நேரம் என்றார். அதுவரைக்கும் லைட் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். "ஹைவேல ஒரே சீரா ஓட்டுங்க. சூடு ஏறிக் கரி எரியும். லைட் அணையற வரைக்கும் நடுவுல நிறுத்தாதீங்க. எவன் கூப்ட்டாலும் நிறுத்தாதீங்க," என்றேன். "சரிங்க," என்றார். வேறு யாரிடமும் செக் பண்ணச் சொல்லவில்லை.

பூ வைக்கும் நாள். அப்பா பட்டு வேட்டியில், கையில் சந்தனத் தட்டோடு கேட்டருகே நின்றார். பக்கத்தில் அத்தை, பன்னீர்ச் செம்போடு. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வேன் வந்தது. அப்பா தட்டை உயர்த்தினார். வேன் அறுபதில் எங்களைக் கடந்து போனது. ஜன்னலோரம் மாப்பிள்ளையின் அம்மா கும்பிட்டது மட்டும் தெரிந்தது.

"வீடு மறந்துட்டாங்களா? போன மாசந்தான வந்து கேசரி தின்னாங்க?" என்றாள் அத்தை.

கல்லாவிப் பக்கம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. இந்தத் தடவையும் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தலையை வெளியே நீட்டி, "சம்மந்தீ! வந்துட்டோம்! வண்டி நிக்காதாம்!" என்று கத்திக்கொண்டே போனார்.

"ஐயோ மாதாவே, பிரேக்கு புடிக்கல!" என்று அத்தை அலறினாள்.

"பிரேக்கு போனவங்க கும்பிடு போட்டுக்கினா போவாங்க? நக்கலு!" என்றார் அப்பா. தட்டை நாற்காலியில் வைத்தார். "கேட்ட பூட்டு. இந்தச் சம்மந்தம் வேணாம்."

சூடேறிய இரும்பு வாசனை அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது. "அப்பா, ஃபில்டர்ல கரி எரியுது. நடுவுல நிறுத்தக்கூடாதுப்பா," என்றேன்.

"நீ சும்மா இரு," என்று அவரே பூட்டினார்.

மூன்றாம் தடவை வேன் மெதுவாக வந்து, கேட்டுக்கு வெளியே, பந்தலில் மிஞ்சிய காய்ந்த தென்னங்கீற்றின் மேல் ஏறப் பார்த்தது. சைலன்சர் கொதிக்கும் நேரம். பட்டுப் புடவையோடு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "கீத்து மேல நிறுத்தாதீங்க! தீப்புடிக்கும்!"

அடுத்த நொடி வண்டி பின்னால் போய் வெறும் கல்தரையில் நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். சட்டையெல்லாம் வியர்வை. அப்பாவைத் தாண்டி என்னைப் பார்த்து, "லைட் அணஞ்சிடுச்சுங்க," என்றார். கிருஷ்ணகிரி நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்ததில் ஃபில்டர் நிறைந்துவிட்டதாம்.

"தட்டோட நிக்கிற மனுசனவிட லைட்டு பெருசா?" என்றார் அப்பா.

"இல்லீங்க மாமா. நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"யாரு?"

"உங்க பொண்ணுதான்."

அப்பா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கீற்றைப் பார்த்தார். "இவ சொன்னான்னா எங்க வாசலையே தாண்டிப் போன?"

"அவங்களுக்குத் தெரியுமேங்க," என்றார் அவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அப்பா சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

உள்ளே மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் பூ வைத்தார். முல்லைச் சரம், வழியெல்லாம் காற்றடித்துப் பாதி உதிர்ந்திருந்தது. அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவங்களுக்குத் தெரியுமே. நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன்.

"இன்னாடி, நல்ல நேரத்துல?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை, வண்டிப் புகை. கண்ணு எரியுது," என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்தார். "புகையா? வராதுங்களே! நீங்க சொன்ன மாதிரி இப்பத்தானே சுத்தமா எரிச்சிட்டு வந்தேன்?"