சிவப்பு அம்பும் வேப்பங்கொத்தும்

என் மச்சான், அதாவது என் பெண்டாட்டியின் அண்ணன், போர்டு எழுதுகிறவர். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை. ஊரில் பாதிச் சுவர் தன் கைவேலை என்ற திமிர் அவருக்கு இன்றுவரை இறங்கவில்லை. அவரைப் பற்றி நல்ல மனசோடு எழுதத்தான் பார்க்கிறேன். வரவில்லை.

எண்பதுகளின் நடுவில், தொப்பூர் கணவாய் இறங்கி முடிகிற இடத்தில் நானும் என் பெண்டாட்டியும் கைப்பிள்ளையோடு வந்து ஒரு சாப்பாட்டுக் கடை போட்டோம். கூரைக் கொட்டகை, நாலு பெஞ்சு, டிரைவர்கள் படுக்க இரண்டு கயிற்றுக் கட்டில். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, புளியமரத்துக்குப் பின்னால் இடம். லாரிக்காரன் கண்ணில் கடை படாது. ரோட்டோரம் ஒரு அம்பு போர்டு நட்டுத்தான் அவனை உள்ளே திருப்ப வேண்டும். அது திருப்பாவிட்டால் கடை படுத்துவிடும். இண்டூரில் மாமனார் வூட்டுக்கே திரும்ப வேண்டும். அங்கே எனக்குச் சோத்துத் தட்டை வைக்கும்போதே ணங்கென்று ஒரு சத்தம் வரும்.

அம்புக்கு எந்த வர்ணம் என்று யோசித்து யோசித்தே பாதி இளைத்துப் போனேன். பச்சை அடித்தால் செடியோடு செடியாகிவிடும். கறுப்பு மரத்து நிழலில் மறைந்துவிடும். மச்சானிடம் சொன்னேன்.

"ஆறாவது தாண்டாதவன் நீ. கலரப் பத்தி எனக்கே சொல்றியா மாப்ளே? செவப்புன்னா நிப்பான். நின்னா திம்பான். போயி ஒலைய வைய்யி."

ஆள் உயர அம்பு, ரத்தச் சிவப்பு. கண்பட்டுவிடக் கூடாதென்று அம்மனை வேண்டிக் கம்பத்தின் அடியில் பெரிய வேப்பங்கொத்தையும் அவரே கட்டினார்.

லாரிகள் நின்றன. அதுதான் கொடுமை. போர்டைக் கண்டதும் கிறீச்சென்று பிரேக். டிரைவர் தலையை நீட்டி முன்னால் எட்டிப் பார்ப்பார். ஒன்றுமில்லை என்றதும் ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சோறு அண்டாவிலேயே ஆறும். மச்சானோ தொடையைத் தட்டுவார்.

"பாத்தியா, எப்படி நிக்கறான்!"

"நிக்கறான் மச்சான், எறங்கலையே."

"எறங்க வெக்கறது உன் கொழம்பு. அதுக்குமா நான் வர்ணம் அடிக்கணும்?"

ஒருநாள் ஒரு லாரி பிரேக் போட்ட வேகத்தில் மேலிருந்த மூட்டைகள் சரிந்தன. டிரைவர் இரும்புத் தடியோடு கொட்டகைக்குள் வந்தார்.

"எவன்யா இதக் கட்டுனது? ரோட்டோரம் செவப்பும் தழையும் வெச்சா என்னா அர்த்தம்? முன்னால வண்டி படுத்துக் கெடக்குதுன்னு அர்த்தம்! எறக்கத்துல என் உசுரு போயிருந்தா உங்கப்பனா வந்து குடுப்பான்?"

பழுதான லாரிக்குப் பின்னால் தழையை ஒடித்துப் போட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள். தினமும் பார்த்ததுதான். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவர் போனதும், "தழைய அவுத்துடலாம்" என்றேன்.

"அம்மனுக்கு வேண்டிக் கட்டுனத அவுக்கறதா?" என்று பெண்டாட்டி பாய்ந்தாள். "புள்ளைக்கு ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"அப்ப அம்ப மஞ்சளா மாத்திடலாம்."

"மஞ்சளும் வேப்பிலையுமா? கோயிலுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிருவான்" என்றாள்.

மச்சான் எழுந்தார். "என் செவப்புல எவனாச்சும் கைய வெச்சீங்க, இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

அவர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அந்த வார்த்தைதான். மறுநாளே நீலம் வாங்கி வந்து, தழையைத் தொடாமல் நானே அடித்தேன். பழக்கமில்லாத வேலை, அம்பின் மூக்கு மேல்பக்கமாகக் கோணிக்கொண்டது. நடுவில் வெள்ளையில் 'சாப்பாடு'.

மத்தியானம் ஒரு லாரி சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்து உள்ளே திரும்பியது. "என்னய்யா, அம்பு வானத்தப் பாக்குது? மேலயா சாப்பாடு போடறீங்க?" என்றபடியே டிரைவர் கை கழுவினார். பின்னாலேயே இன்னொன்று திரும்பியது. அந்த வாரமே அண்டாவைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று.

"கலரக் கெடுத்துட்டான், கடை தாங்காது" என்று மச்சான் இண்டூர் முழுக்கச் சொல்லித் திரிந்தாராம். மாமனார் நம்பவில்லை போலிருக்கிறது; நாங்கள் இருந்த அறையில் ராகி மூட்டைகளை அடுக்கிவிட்டதாகச் சேதி வந்தது. கேட்ட அன்று வயிறாரச் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் பயம் பிடித்தது. இனி இந்தக் கடையும் படுத்தால், போவதற்கு அந்த வூடுகூட இல்லையே.