டிடிராங்கியில் ஒரு செக் நத்தார் விருந்தும் ஒரு மீன் முள்ளும்

செக் நாட்டு நண்பர்கள் வீட்டு நத்தார் விருந்துக்குப் போவதென்றால் என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் போனது 1996 டிசம்பர் 24 அன்று. மங்கரேயில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் என்னோடு வேலைசெய்த யானாதான் அழைத்தாள். கணவருக்கு அன்று வேலை. ஏழு வயது மகள் நிலாவும் நானும் மட்டும் கிளம்பினோம்.

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டிலிருந்து யானாவின் வீடு இருந்த டிடிராங்கிக்குப் பத்துக் கிலோமீற்றர். காரில் இருபது நிமிடம். கடைசிப் பகுதி காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும். எட்டு டொலருக்கு ஒரு பூங்கொத்து வாங்கினேன். (ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படைப் பூ அவர்களுக்குச் செத்தவீட்டுக்கு.)

பகல் முழுக்க விரதம் இருந்தால் சுவரில் தங்கப் பன்றிக்குட்டி தெரியும் என்று யானா நிலாவுக்குச் சொல்லியிருந்தாள். நிலா காலையில் குடித்த ஒரு கோப்பை பாலோடு சரி. விரதம் எங்களுக்குப் புதிதா என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் விருந்து தொடங்க வேண்டுமாம். டிசம்பர் இங்கே கோடைகாலம், இரவு எட்டரை வரை வெளிச்சம். அதனால் யானாவின் கணவர் பாவெல் ஆறு மணிக்கே திரைகளை இழுத்து மூடி மெழுகுதிரி ஏற்றினார். உருளைக்கிழங்கு சலாட், பாவெல் தானே பிடித்து, முள்ளெடுத்துப் பொரித்த ஸ்னப்பர் மீன்.

"சாப்பாடு முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பக்கூடாது. முதல் எழும்பிறவர் அடுத்த நத்தாருக்கு இருக்கமாட்டார்" என்றாள் யானா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உப்பிலிருந்து தண்ணீர் வரை எல்லாம் மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

நிலா பசியில் அள்ளி விழுங்கினாள். நாலாவது வாயோடு சாப்பிடுவதை நிறுத்தித் தொண்டையைப் பிடித்தாள். "ஹர்ட்ஸ், அம்மா." பிறகு பேச்சில்லை. விழுங்க முடியாமல் எச்சில் கடைவாயால் வழிந்தது. கண் இரண்டும் என்னையே பார்த்தன. நான் எழும்பப் போனேன். யானா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு யானா!"

"நீ தனிய எழும்பாதே. எல்லாரும் ஒண்டாய்."

செக் மொழியில் மூன்று வரை எண்ணினாள். நிலாவைச் சேர்த்து அணைத்தபடி நானும், அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். மூன்று வினாடிகூட ஆகியிருக்காது. ஆனாலும் யானாவை அறையவேண்டும் போல இருந்தது எனக்கு.

பாவெல் ஓட்டினார். நகர மையப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து கிலோமீற்றர். பின் சீற்றில் நிலாவை நிமிர்த்திப் பிடித்து மூச்சை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் தொண்டையில் ஒரு கரகரப்பு. முன் சீற்றிலிருந்து யானா திரும்பி நிலாவின் காலைப் பிடித்திருந்தாள்.

"எனக்குப் பன்னிரண்டு வயதில் அண்ணன் கதவு திறக்க எழும்பினவன்" என்றாள் திடீரென்று. "அடுத்த நத்தாருக்கு அவன் இல்லை. அது தற்செயல் எண்டு தெரியும். ஆனால் உன்னைத் தனிய விட ஏலாமல் போச்சு."

நான் மறுபடியும் நிலாவின் மூச்சை எண்ணத் தொடங்கினேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். ஏழேகாலுக்கு டொக்டர் இடுக்கியால் முள்ளை எடுத்தார், நகத்துண்டு அளவுதான். நிலா இருமினாள், அழுதாள், பிறகு "ஐ'ம் ஹங்ரி" என்றாள். அப்போதுதான் யானாவின் கையைப் பிடித்தேன்.

மென்மையான சாப்பாடு கொடுக்கலாம் என்றார் டொக்டர். எட்டரைக்கு அவர்கள் வீட்டுக்கே திரும்பினோம். பாவெல் நேரே மேசைக்குப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிச்ச மீனை உதிர்த்து உதிர்த்து விரலால் தடவிப் பார்த்தார். தூளாகிப்போன அந்த மீனை நிலாவின் தட்டில் வைத்தார். நிலா என்னைப் பார்த்தாள்.

"சாப்பிடு பிள்ளை" என்றேன். சாப்பிட்டாள்.

அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். அப்படி ஓர் உபசரிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் முன்னமே ஏதாவது கொடுத்துவிடுங்கள். மீன் வந்தால் முள் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அன்றைக்கு எனக்கும் அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விருந்துக்கு வந்த இடத்தில் எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிட்டேன். பாவெலிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு நத்தார் போகவேண்டியிருந்தது.