முதுகைக் காட்டி உட்கார்ந்து சொன்ன வழி

எங்கள் வீட்டில் அந்த வருடம் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம், அப்பாவை யாரும் முறையாக அழைக்காததுதான். அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, ஆனையூரில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். பெரியப்பா நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் மனிதர் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டார். உறைமேல் இருந்த பெயரைப் பார்த்ததுமே அப்பா அதைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டார். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்றும் சொன்னார்.

அம்மாவுக்கு அக்கா வீட்டு விசேஷமாயிற்றே. விசேஷத்தன்று அப்பா பஞ்சாலைக்கு ஷிப்டுக்குப் போனதும், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, எங்கள் செல்லூரிலிருந்து ஆனையூருக்குக் குதிரை வண்டி பிடித்துவிட்டாள். எனக்குக் கிடைத்தது வண்டியின் பின்னோரம். குறுக்குக் கம்பியைப் பிடித்து, கால்களைத் தொங்கவிட்டு, வந்த வழியைப் பார்த்தபடி போனேன். குதிரையின் வாலைத் தவிர உலகத்தில் எல்லாமே எனக்குத் தெரிந்தது.

சாயங்காலமே யாரோ அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டார்கள். தன் மானம் போய்விட்டதாக அவர் கத்த, தனக்கும் மானம் இருப்பதாக அம்மா கத்தினாள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். எனக்குப் பரீட்சை இருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டு அத்தை சாவியோடு செய்தியையும் கொடுத்தார். கணக்குப் பரீட்சையை அன்றைக்கு வெறுத்தவள்தான், இன்றுவரை அந்த வெறுப்பு போகவில்லை.

அப்பா சமைத்ததைச் சாப்பிட்டேன். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலை கூடுதல் என்று அவர் தினமும் இருட்டிய பிறகுதான் வந்தார். அதுவரை அத்தை வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அம்மா இனி வரவே மாட்டாளோ என்று பயந்துகொண்டே இருப்பேன். ராத்திரி அழுதால் அப்பா முதுகைத் தட்டிக்கொடுப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, பெரியம்மா வீட்டுக்கு வழி தெரியுமா என்று கேட்டார். தெருவில் யாரிடமாவது கேட்டால் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன கதை ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்றார். நான் அவர் முன்னால் நின்று கண்ணை இறுக மூடி யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. வண்டியிலிருந்து பார்த்த ரைஸ் மில், கண்மாய், செங்கல் சூளை எல்லாம் தனித்தனியாக வந்து எது முந்தி எது பிந்தி என்று தெரியாமல் குழம்பின. அம்மாவிடம் போகிற வழி என் தலைக்குள்ளேயே தொலைந்துவிட்டது என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

அழுவதற்கு எனக்கென்று ஓர் இடம் உண்டு. அடுப்படியில் இருந்த அரிசி டிரம். அதன்மேல் ஏறி, கால்களைத் தொங்கவிட்டு, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசும்பினேன். அப்போதுதான் அது நடந்தது. என் காலடியிலிருந்து தார் ரோடு விரிந்து பின்னால் ஓட ஆரம்பித்தது. ரைஸ் மில்லின் புகைபோக்கி சிறுத்துக்கொண்டே போயிற்று. அப்புறம் கண்மாய்க்கரை, அதற்கப்புறம் சூளை. ஒன்றன் பின் ஒன்றாக வரிசை மாறாமல் என்னைவிட்டு விலகிப் போயின. டிரம்மிலிருந்து இறங்கினேன், போய்விட்டது. ஏறினேன், வந்துவிட்டது.

அப்பாவிடம் ஓடி, திரும்பி உட்கார்ந்தால்தான் வழி தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேரியரில் துண்டை மடித்துப் போட்டு, பின்பக்கம் பார்த்த மாதிரி என்னை உட்காரவைத்தார். என் முதுகு அவர் முதுகில் சாய்ந்திருக்க, கைகளைப் பின்னால் கொண்டுபோய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் ஓட்டிய மாதிரி சைக்கிளை இதுவரை யாரும் ஓட்டியதில்லை. ரைஸ் மில் கண்ணில் பட்டதும் இங்கே திரும்ப வேண்டும் என்று கத்துவேன். “சரித்தா” என்பார். கண்மாய்க்கரை வந்ததும் கத்துவேன். அதற்கும் “சரித்தா.” ஓரிடத்தில் சூளையைக் காணாமல் திகைத்து வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அது புளியமரங்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்ததும் மறுபடி அதிகாரம் செய்தேன்.

வீட்டு வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். அப்பா சைக்கிளைவிட்டு இறங்கினாரே தவிர, ரோட்டைவிட்டு நகரவில்லை.

“பாப்பாதான் அம்மாவப் பாக்கணும்னு ஒரே அடம். வழியும் அவதான் சொன்னா. எனக்கென்ன தெரியும்?” என்றார்.

பெரியப்பா திரும்பி விறுவிறுவென்று உள்ளே போனார். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பி வந்தவர் கையில் வெற்றிலைத் தட்டு. அதை ரோட்டுக்கே கொண்டுவந்து நீட்டி, “தப்பு என்னோடதுதான் சகல. உள்ள வாங்க” என்றார்.

அம்மா தம்பியோடு வந்தாள். அப்பாவைப் பார்க்காமல் என் தலையைத் தடவி, எண்ணெய் வைத்து எத்தனை நாளாயிற்று என்று கோபித்துக்கொண்டாள். அப்புறம் “எப்படித்தா இம்புட்டுத் தூரம் வழி சொன்ன?” என்று கேட்டாள்.

டிரம், கேரியர், முதுகு எல்லாவற்றையும் பெருமையாக விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமாக இருந்தார். அம்மா தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. என்னைத்தான் கேலி செய்கிறாள் என்று வீடு திரும்பும்வரை அவளோடு பேசவில்லை.

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு திருப்பம், அதைக் கடந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். நான் கத்தியபோதெல்லாம் சைக்கிள் ஏற்கெனவே திரும்பியிருந்தது. அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிய இது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. அந்த வாரம் அப்பாவுக்கு வேலை ஒன்றும் கூடுதலாக இருந்திருக்காது. ஷிப்டு முடிந்து ஆனையூர்வரை மிதித்துப் போய், வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, பெரியம்மாவின் தெருமுனையில் ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டு, உள்ளே போக வழியில்லாமல் திரும்பியிருக்கிறார்.