மூன்றாவது மாடியும் என் முழங்காலும்

முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் நின்றே பாடம் நடத்திய கால், தேயாமல் வளருமா? "படி ஏறாதீங்க, ரொம்ப நேரம் நிக்காதீங்க, முட்டி போடாதீங்க டீச்சர்" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதுபோல இருந்தது. நான் தமிழ் எடுக்கும் பத்தாம் வகுப்பு மூன்றாவது மாடியில். கன்னியர் மடத்துப் பள்ளி என்பதால், அக்டோபர் வந்தால் ஆசிரியர்கள் எல்லோரும் மதியம் சிற்றாலயத்தில் முட்டி போட்டு ஜெபமாலை சொல்ல வேண்டும்.

வலியை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்பட்டே கீழ்த்தளத்து ஆறாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். பத்தாம் வகுப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. குறளைத் தப்பாகச் சொல்லிவிட்டு என்னோடு மல்லுக்கு நிற்கும் பிள்ளைகள் அவர்கள். அதனால் காலையில் ஒரே ஏற்றமாக ஏறி, சாப்பாட்டையும் மேலேயே முடித்துக்கொண்டேன். பிள்ளைகள் எழுதுவதைக் கவனிக்கிற சாக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன்.

அக்டோபர் வந்தது. முட்டி போட்டேன். ஜெபமாலை முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். எனக்கு மட்டும் கால் வரவில்லை. பாய் விரித்த தரையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. சட்டென்று கண்ணை மூடிக் கைகூப்பினேன். 'ஆண்டவரே, என்னை எழுப்பிவிடும்!' அவ்வளவு மனமுருகி நான் ஜெபித்ததே இல்லை.

கடைசியில் கணக்கு டீச்சர்தான் திரும்பி வந்தாள்.

"யக்கா, பெல் அடிச்சிருச்சு. அம்புட்டு வேண்டுதலா?"

"வேண்டுதலும் இல்ல, வெங்காயமும் இல்ல. தூக்கி விடுடி!"

மறுநாள் தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டார். "டீச்சர், நேத்து எல்லாரும் எந்திரிச்ச பிறகும் நீங்க ஜெபம் பண்ணுனதப் பாத்தேன். மெய் சிலிர்த்துப் போச்சு. இந்த மாசம் முழுக்க நீங்கதான் முன்னால முட்டி போட்டு ஜெபமாலை நடத்தணும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சும்மா இருந்தால் கால் போகும். சொன்னால் வகுப்பு போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சிஸ்டர், அது பக்தி இல்ல, முட்டி வலி. எந்திரிக்க முடியல. பத்தாம் வகுப்ப மட்டும் எங்கிட்டருந்து எடுத்துறாதீங்க."

சிஸ்டர் என்னையே பார்த்தார். "அந்தக் கதவச் சாத்துங்க" என்றார். சாத்தினேன். "உங்க கிளாஸப் பாக்க நான் என்னைக்காவது மேல வந்திருக்கேனா?"

"இல்ல சிஸ்டர். எம்மேல அம்புட்டு நம்பிக்கைன்னு நெனச்சேன்."

"நம்பிக்கையாவது! என்னால அத்தன படி ஏற முடிஞ்சாத்தானே?" என்று மேஜைக்கு அடியிலிருந்து வலித் தைலத்தை எடுத்து வைத்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற ஆயாம்மா கதவைத் தட்டிவிட்டார்.

அடுத்த வாரமே பத்தாம் வகுப்பு கீழே வந்தது. துள்ளித் திரிகிற ஆறாம் வகுப்பு மேலே போனது. சிற்றாலயத்தில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டாயிற்று.

ஒரே ஒரு தொல்லைதான். இப்போது சிஸ்டர் தினமும் என் வகுப்பைப் பார்க்க வந்துவிடுகிறார். வந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்.