லெட்சுமி அக்காவின் காணாமல் போன கோப்புகள்

இன்று காலை பூச்சோங் வீட்டில் எழுத உட்கார்ந்தால், நேற்றுச் சேமித்த கோப்பைக் காணோம். நான் பதறவில்லை. இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறாய் என்று நான் எழுதும் மென்பொருளான எடிட்டரைக் கேட்கும் கட்டளையைத் தட்டினேன். வேறெங்கோ போய் உட்கார்ந்திருந்தது. இப்படிக் கேட்கும் பழக்கம் பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்த்தபோது வந்தது, அதுவும் லெட்சுமி அக்காவால்.

புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதுவோம். கீழே சாம்பிராணி போட்டால் புகை நேராக எங்கள் மூக்குக்குத்தான் வரும். பாஸுக்கு பக்தி அதிகம். வேலை தொடங்குமுன் எல்லாரும் 'சாமி' என்ற ஃபோல்டரில் இருக்கும் பிள்ளையார் சுழிக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். நான் ஒரு வாரம் பார்த்தேன், அத்தோடு சரி. மற்றவர்களும் அப்படித்தான். கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து வரும் லெட்சுமி அக்கா மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

அவருடைய கோப்புகள்தான் காணாமல் போயின. ஃபோல்டரைக் குறிப்பிடாமல் கோப்பின் பெயரை மட்டும் தட்டிச் சேமிப்பார், மாலையில் வேலை ஃபோல்டரில் தேடினால் இருக்காது. மறுநாள் முதலிலிருந்து எழுதுவார். மூன்று வாரம் இப்படியே போனது.

"சேவ் பண்ண மறந்துட்டு கதை விடாதீங்க லெட்சுமி. நாளைக்கும் காணோம்னா வேலைக்கு வர வேணாம் லா" என்று பாஸ் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று மறுநாள் காலை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டேன்.

"அக்கா, டெய்லி செய்றத அப்படியே செய்ங்க. ஒண்ணொண்ணா செக் பண்றேன்."

எடிட்டரைத் திறந்தார். எந்த ஃபோல்டரில் இருக்கிறாய் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன், வேலை ஃபோல்டர் என்றது. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சுழியைத் திறந்தார். மறுபடி தட்டினேன், 'சாமி'. உள்ளே பார்த்தால் மூன்று வார உழைப்பும் சேதாரமில்லாமல் கிடந்தது.

திறக்கும் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே எடிட்டரும் குடிபோய்விட வேண்டும் என்று எடிட்டரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருந்தது; அதன்பின் சேமிப்பதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மற்றவர்கள் வேலை ஃபோல்டரை விட்டு நகராததால் யாருக்கும் தெரியவில்லை. எல்லாக் கணினிகளிலும் அதைப் போட்ட மேதாவி நான்தான், என் வசதிக்காக.

பாஸிடம் உண்மையைச் சொன்னேன். "சாமி பத்திரமா வச்சிருந்திருக்கு!" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"சேவ் பண்ணேன், சேவ் பண்ணேன்னு மூணு வாரமா சொன்னேன் தம்பி. நீகூட நம்பலயே."

அந்த வரியை அன்றே எல்லாக் கணினிகளிலும் அழித்தேன். மறுமாதம் அவர் கிள்ளானிலேயே வேறு வேலை தேடிக்கொண்டார். பிறகு ஆபீஸையும் மூடினார்கள். பிழையைப் பிடித்துவிட்ட குஷியில் அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அவருடைய போன் எண் மாறியிருந்தது.